ஒரு ‘வே’ கூடிப்போச்சு

ஆவுடைநாயகம்: அந்த ‘வே’ய எடுத்துரணும். அவ்வளவுதான் சொல்லுவேன்.

சித்ரலேகா: எந்த ‘வே’ சார்?

ஆவுடைநாயகம்: எந்த ‘வே’யா? சாயங்காலம் ஆண்டு விழா. முன்வரிசையில தாளாளர் உக்காந்திருப்பாரு. அப்பளக் கம்பெனி முதலாளியும் அவருதான். அவரு மொகத்துக்கு நேரா ஒம்பதாங்கிளாஸ் புள்ள, கூட்டாளியக் கூப்பிடுத மாதிரி ‘வே’ங்கும்... ஹெட்மாஸ்டர் நான் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?

முத்துராணி: சார், என் பாட்டுல...

ஆவுடைநாயகம்: நீ சும்மா இரு. டீச்சர், ஒங்கள அறிவியல் நடத்தத்தான் போட்டிருக்கு. இது என்னது... ராப்பாடி?

சித்ரலேகா: ராப், சார். இப்ப சினிமா கேசட்டுலல்லாம் வருதே.

ஆவுடைநாயகம்: எனக்கு ராப்பாடிதான் தெரியும். ராத்திரி வந்து பிச்சை கேப்பான்.

சித்ரலேகா: இது பகல்ல வந்து நியாயம் கேக்கும்.

ஆவுடைநாயகம்: இந்த வாய்தான்... ஒங்க வேலை தற்காலிகம், நெனப்பிருக்கா?

சித்ரலேகா: என் குரலும் தற்காலிகந்தான் சார். நான் ராகம் இழுத்தா பக்கத்து வீட்டு எருமை கயித்த அத்துக்கிட்டு ஓடும். அதான் ராப்ப எடுத்தேன். பேசுத மாதிரியே தாளத்துல சொன்னாப் போதும். அவங்கவங்க வீட்டுக் கதையக் கொண்டாங்கன்னேன். இவ...

ஆவுடைநாயகம்: கம்பெனியையே கொண்டாந்துட்டா.

முத்துராணி: எங்கம்மா பகலெல்லாம் அங்கனதான சார் கெடக்கா?

ஆவுடைநாயகம்: சரி, பாடு பாப்பம். ஜன்னலச் சாத்திட்டு... பைய.

முத்துராணி: “வட்ட வட்டமாத் தேய்க்குதா, எங்கம்மா
வானத்து நெலவாத் தேய்க்குதா!
முழுசு எல்லாம் மெட்ராசுக்கு,
நொறுங்குனது எங்க ரசத்துக்கு!”

ஆவுடைநாயகம்: ‘தேய்க்குதா’ன்னா என்ன, கேள்வியா? ‘தேய்க்கிறாள்’னு மாத்து.

முத்துராணி: அப்ப அது எங்கம்மா இல்ல சார். பாடப்புத்தகத்து அம்மா.

சித்ரலேகா: தாளமும் நொண்டும்.

ஆவுடைநாயகம்: நொண்டட்டும். அந்த ‘நொறுங்குனது’ம் வேண்டாம். நொறுங்குன அப்பளத்துல என்ன கொறச்சல்? வத்தக்கொழம்புக்கு அதுதான் தோது. மாவுல பிரண்டைச் சாறு சேத்திருந்தா வாயில கரையும். என்ன, எண்ணெயத் தொட்டு இடிச்சு எடுக்கதுக்குள்ள தோள்பட்டை கழண்டுரும்...

சித்ரலேகா: சாருக்கு இடிக்கவும் தெரியுமா?

ஆவுடைநாயகம்: ம்... கேள்விப்பட்டதுதான். விசயத்துக்கு வாங்க. ‘வே’ வரிய விட்டுட்டுல்லா பாடுதா! ரொம்ப சாமர்த்தியம்.

முத்துராணி: அது எப்படி சார் வரும்? நீங்கதான் சொல்லுங்களேன்.

ஆவுடைநாயகம்: “ஒருநா கட்டையக் கீழ வச்சா, ஓமக்கு ஏதுவே அப்பளம்?” அதுதான்... மேசையத் தட்டாதீங்க டீச்சர்!

சித்ரலேகா: தட்டுனது ஒங்க கை சார். தாளம் சுத்தமா இருந்துச்சு.

ஆவுடைநாயகம்: வெளையாடாதீங்க. இந்தப் பாட்டே கெடையாது. கோலாட்டம் போதும்.

முத்துராணி: கோலாட்டம் வச்சுக்கிடுங்க சார். நானும் பாடுவேன். மைக்கு தரலன்னா கொடிக்கம்பத்தடியில நின்னு பாடுவேன்.

ஆவுடைநாயகம்: ஏட்டி! நாளைக்கு ஒங்கம்மைக்கு வேலை இருக்காது.

முத்துராணி: அம்மாகிட்ட கேட்டுட்டேன். “நீ வாய மூடுனா எனக்குக் கை வலி போயிருமாக்கும்? பாடு”ன்னுட்டா.

சித்ரலேகா: என் வேலையும் போச்சுன்னா நான் அவங்கம்மா பக்கத்துல உக்காந்து தேய்ப்பேன் சார். என்ன, வட்டமா வராது. இந்தியா மேப் மாதிரி வரும்.

ஆவுடைநாயகம்: சிரிப்பாணி மூட்டாதீங்க... யம்மா, முத்துராணி, சொன்னாக் கேளு. பாட்டு முழுசும் பாடிக்கோ. அந்த ஒத்த வரிய மட்டும் விட்டுரு.

முத்துராணி: விட முடியாது சார்.

ஆவுடைநாயகம்: ஏன்?

முத்துராணி: அது என் வரியே இல்ல. பள்ளிக்கூடத்துல நான் பாடுனதும் இல்ல. என் பாட்டு கம்பெனிக்குப் போயி, தேய்க்கவங்க எல்லாரும் பாட ஆரம்பிச்சுட்டாவ. வீடு வீடா மாவு குடுக்கப் போற கோமு அக்கா நேத்து அந்த வரியக் கொண்டாந்தா. கதவச் சாத்திக்கிட்டு ரகசியமாத் தேய்க்குத ஒரு வீட்டுல சேத்துக் குடுத்தாவளாம். யாரு வீடுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா.

சித்ரலேகா: எனக்கே தெரியாதே இது!

முத்துராணி: தேய்க்குத பொம்பளையளுக்கு மட்டுந்தான் டீச்சர் தெரியும். சார்... நீங்க எங்கன கேட்டிய?

ஆவுடைநாயகம்: ஜன்னல் நல்லாச் சாத்தியிருக்கா?

சித்ரலேகா: சாத்தியிருக்கு.

ஆவுடைநாயகம்: எங்க தாத்தாவுக்கு ஆத்தங்கரை வரைக்கும் வயலு. அவரு பேரன் வீட்டுல... ம்ஹூம், சுத்தி வளைப்பானேன். எங்க வீட்டுக்காரி தேய்க்கா. வெளிய தெரிஞ்சா கவுரவம் போயிரும்னு கதவச் சாத்தச் சொன்னது நான்.

முத்துராணி: அப்ப அந்த ‘வே’...

ஆவுடைநாயகம்: தாளாளர இல்ல புள்ள, என்னயச் சொன்னது. சாயங்காலம் அவளும் வாரா, முன்வரிசைக்கு. நல்லா அழுத்தியே பாடு... அந்த வரி வரும்போது மட்டும் என்னயப் பாக்காத.