லாரி செட்டு ஸ்டாப்

லாரி செட்டுன்னு கேளுங்கக்கா. யுனிவர்சிட்டின்னு கேட்டா கண்டக்டருக்குப் புரியாது. போர்டு மாட்டி, ஆர்ச்சு கட்டி எல்லாம் பண்ணிட்டாங்க, இந்த ரூட்டுல இன்னும் அது லாரி செட்டு ஸ்டாப்தான். நானும் அங்கதான் எறங்குறேன், சொல்றேன் ஒக்காருங்க. ஜன்னல மட்டும் சாத்திடுங்க, முன்னாடி மண்ணு லாரி போவுது.

ஆமாங்க, அங்கதான் படிச்சேன். பி.எஸ்சி. பிசிக்ஸ். எங்க வூட்டுல மொதல் டிகிரி. வூட்டுல என்னா, எங்க தெருவுலயே நான்தான். வளையமாதேவி பக்கம். இல்லக்கா, நெலம்லாம் இல்ல. நெலம் இருந்தவங்ககிட்ட அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போய்கினு இருந்தாங்க. அந்த நெலம் சுரங்கத்துக்குப் போயிட்டுது. அப்பா இப்ப டவுன்ஷிப்புல செக்யூரிட்டி. கான்ட்ராக்ட்டுதான்.

அந்த ஸ்போர்ட்ஸ் மேடம் போன் எடுக்கலியா? எடுப்பாங்க. கொஞ்சம் கழிச்சு அடிங்க.

காலேஜு எப்பிடின்னா, என்னா சொல்றது. அத ஆரம்பிச்ச ஐயா லாரி ஓட்டுனவரு. அப்பறம் சொந்தமா லாரிங்க வாங்கி மண்ணு அடிக்கிற கான்ட்ராக்ட்டு எடுத்தாரு. கான்ட்ராக்ட்டு முடிஞ்சு லாரிங்க நிறுத்துன செட்டு சும்மா கெடந்துச்சு, அதுல பெஞ்சு போட்டு ஐ.டி.ஐ. ஆரம்பிச்சாரு. அப்பறம் காலேஜு. பையன் காலத்துல யுனிவர்சிட்டி. ஐயா ஓட்டுன மொதல் லாரிய வாசல்ல மேடை கட்டி நிறுத்தியிருக்காங்க, எறங்குனதும் பாப்பீங்க. ஆயுத பூசைக்கு அதுக்குத்தான் மொத மாலை. லாரிதான் நவுராதே, அதனால வைஸ் சான்சிலரே எலுமிச்சம்பழத்த காலால மிதிச்சு டயருக்கு அடியில தள்ளுவாரு. நாங்க கை தட்டணும்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

படிப்பா? பிசிக்ஸ் லேபு அந்தப் பழைய செட்டுலதான் இருக்குது. லாரிக்கு அடியில எறங்கி வேலை பாக்க குழி வெட்டியிருப்பாங்கல்ல, அதும் மேல பலகை போட்டு மூடி டேபிள் போட்டிருக்காங்க. யாராச்சும் நடந்தா பலகை ஆடும், பெண்டுலம் கோணலா ஆடும், ரீடிங்கே சரியா வராது. புக்குல இருக்கறத எழுதிக்குங்கம்மான்னுவாரு குஞ்சிதபாதம் சாரு. நல்ல மனுசன். பிசிக்ஸும் அவருதான், எக்ஸாம் செக்ஷனும் அவருதான், சீசன்ல ஊர் ஊரா போயி புள்ளைங்கள சேக்கறதும் அவருதான். பாடம் நடத்திகினே இருப்பாரு, போன் வந்துதுன்னா சாக்பீச வெச்சிட்டு கெளம்பிடுவாரு.

வேலைக்குப் போனேன், ஏன் போவல. சென்னைல இன்டர்வியூ. எந்த யுனிவர்சிட்டின்னாங்க, சொன்னேன். அது எங்க இருக்குதுன்னாங்க, நெய்வேலின்னேன். ஓ, நெய்வேலியா, ஒங்கப்பா அங்க சுரங்கத்துல பர்மனென்ட்டான்னு கேட்டாங்க. அதுக்கு மேல எதும் கேக்கல.

ஒங்க பொண்ணு எழில்மதி ஓட்டத்துலதான சேருது, அதனால ஃப்ரீ சீட்டு. அதத்தான் சொல்ல வந்தேன்.

பேரு நீங்க சொல்லலியா? சொன்னீங்களே, ஏறும்போது. சரி விடுங்க.

ஐயா இருந்த வரைக்கும் ஓட்டம்னா அந்த காலேஜுக்கு ஒரு பேரு. சாயங்காலம் ஆச்சுன்னா அவரே கிரவுண்டுல சேர் போட்டு ஒக்காந்திருப்பாராம். ஜெயிச்சா எல்லாருக்கும் பரோட்டா. இதெல்லாம் நான் பாத்ததில்ல, பழைய ஆளுங்க சொல்றதுதான். பையன் வந்தப்பறம் ஹாஸ்டல் கட்டுனாரு. கட்டடம் கிரவுண்டோட ஒரு மூலைய எடுத்துகிச்சு. டிராக்க என்னா பண்றது? உள்ள தள்ளி வளைச்சு கோடு போட்டுட்டாங்க. அந்த வருசம் காலேஜு ரெக்கார்டு எல்லாமே ஒடைஞ்சுது. ஓட்டத்துல ஒரு பழைய ரெக்கார்டுகூட நிக்கல. பெரிய போர்டு செஞ்சு தங்கக் கலர்ல பேரெழுதி ஹால்ல மாட்டுனாங்க. ஏன் ஒடைஞ்சுதுன்னு யாரும் யோசிக்கல. ஜெயிக்கிறப்ப யாருக்கா யோசிக்கிறாங்க.

அந்த போர்டுல என் பேரும் இருக்குது. நானூறு மீட்டர். அதே டைம நம்பி வெளில ஓடப் போனேன். வளைவுல திரும்பறேன், எல்லார் முதுகும் தெரியுது. கடைசி ஆளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு பஸ்ஸே நிக்கலாம். எனக்குத்தான் ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன். சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சேன். ரொம்ப நாளு அப்பிடியேதான் நெனச்சுகினு இருந்தேன்.

ஆமாங்க. பாப்பா செலக்ஷனுக்கு ஓடுனது அதே டிராக்குதான். அந்த டைமு நெசம் இல்லக்கா.

புள்ள நல்லா ஓடும், அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஸ்டேட் லெவல் டைம்னு ஒங்ககிட்ட சொன்னாங்கல்ல, அது ஸ்டேட் லெவல் இல்ல. டிராக்கு ஒரு ரவுண்டே நானூறு மீட்டருக்குக் கொறச்சல்.

அந்த ஸ்போர்ட்ஸ் மேடத்துக்குத் தெரியாம எப்பிடி? கோடு போடறதே அவங்கதான். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு தடவ டேப்பு புடிச்சுகினு சுத்தியிருக்காங்க. டேப்பு கணக்கு நானூறு தொடறதுக்கு முன்னாடியே கெளம்புன எடத்துக்கு வந்துட்டாங்க. ஓடிப்போயி ரிஜிஸ்ட்ரார்கிட்ட சொன்னாங்க. அவரு கேட்டாராம், ஹாஸ்டல இடிக்கணுமா, இல்ல ஹால்ல இருக்கற போர்ட கழட்டணுமா, நீயே சொல்லும்மான்னு. அதோட வந்து ஒக்காந்துட்டாங்க.

நல்லவங்களான்னா, என்னா சொல்றது. பயந்தவங்க. வூட்டுல நிச்சயமான சம்பளம் அது ஒண்ணுதான். அவங்க அப்பா பாக்கறவங்ககிட்டல்லாம் எம்பொண்ணு யுனிவர்சிட்டில வேலைன்னு சொல்லிகினு திரியறாரு. இந்த வருசம் ஓட்டத்துல ஒரு புள்ளயாச்சும் சேரலன்னா அந்த செக்ஷனையே மூடிடறோம்னு சொல்லிட்டாங்க. வேற எந்தப் புள்ளயும் கெடைக்கல. அதான் நேத்து போன்ல ஒங்ககிட்ட அம்மாம் இனிப்பா பேசியிருப்பாங்க.

திரும்ப அடிக்கிறீங்களா. சரி, அடிங்க.

அக்கா, கடலூர் கவர்மென்ட் காலேஜுல சீட்டு வந்துதுன்னு சொன்னீங்களே, அத என்னா பண்ணீங்க? வேணாம்னுட்டீங்களா? அந்த மேடம் சொன்னாங்கன்னா? சரி. சரிக்கா. ரெண்டாவது கவுன்சிலிங் ஒண்ணு வரும். கெடைக்கும்னு சொல்ல மாட்டேன், தெரியாது எனக்கு. ஆனா அதுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் ஒங்க கையில இருக்கணும். இங்க குடுத்தா படிப்பு முடியற வரைக்கும் திருப்பித் தர மாட்டாங்க. நடுவுல யாரு வந்து கேட்டாலும் நடக்காது. நான் பாத்திருக்கேன், ஒரு அம்மா வாசல்ல அந்த லாரி மேடையிலயே சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருந்துட்டுப் போனாங்க.

ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா. தெருவுல பேனரா? ம். எங்க தெருவுலயும் வெச்சாங்க எனக்கு.

போன வெச்சிடுங்கக்கா, போதும். நீங்க அடிக்கிற போன் என் பையிலதான் அதிர்ந்துகினு இருக்குது.

ஆமாங்க. நான்தான். போன்ல கொரலு வேற மாதிரி இருக்கும், மேடம் மாதிரி பேசச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பச்சப் பொடவ, கையில மஞ்சப் பையி, நெய்வேலி பஸ் ஸ்டாண்டுல மாறுவேன்னு சொன்னீங்கல்ல. போயி கூட்டிகினு வா, வழியில மனசு மாறிடப் போறாங்கன்னு ஆபீசுல என்னய அனுப்புனாங்க. பாப்பாவுக்கு வாட்ச்சு புடிச்சதும் நான்தான். டைம சத்தமா படிச்சப்ப அது மூச்சு வாங்கிகினே சிரிச்சுது பாருங்க, அதான் மனசு கேக்கல.

திட்டுங்க, பரவால்ல.

என்னாக்கா, எந்திரிச்சிட்டீங்க? இது நம்ம ஸ்டாப்புதான், ஆனா நீங்க எறங்க வேணாம், இதே பஸ்ஸுல வடலூரு போயி அங்கேந்து ஒங்க ஊரு குறிஞ்சிப்பாடிக்கே போயிடலாம். போயி? போயி என்னா சொல்றதுன்னா, அது எனக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சா நானே போயிருப்பேனே.

சரி. பாத்து எறங்குங்க, படி ஒயரம். அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஆபீசுக்குள்ள போனா பையில இருக்கற அந்த சர்டிபிகேட் கவர எங்கிட்டதான் குடுக்கச் சொல்லுவாங்க. குடுக்காதீங்க. ரிஜிஸ்ட்ரார் பக்கத்துல நிப்பாரு, நானும் கைய நீட்டி கேப்பேன். போன்ல பேசுன மாதிரியே பேசுவேன். கேட்டாலும் குடுக்காதீங்க.