நிக்கிற றோபோவை வெல்லேலாது

— தமிழிலை கதை, றூபன். உங்கடை பள்ளிக்கூடத்து ஆக்கள் எல்லாரும் இந்தப் பக்கம்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்.

— தமிழிலையோ? மோட்டருக்குத் தமிழ் என்ன, லக்சனா?

— மோட்டர்தான். சொல்லு, எது எரிஞ்சது?

— இடப்பக்கச் சில்லை ஓட்டுறது. அரையிறுதி முடியிற நேரம் புகை வந்தது. சீரியஸா.

— எனக்கு இஞ்சை வரைக்கும் மணந்தது. ஆரோ பாணைக் கருக்கிப்போட்டினம் எண்டு நினைச்சன்.

— பகிடி விடாதை. இப்ப இறுதிப் போட்டிக்குக் கூப்பிடப் போறாங்கள். ஒரு சில்லோடை விட்டால் என்ரை றோபோ நிண்ட இடத்திலை வட்டம் சுத்தும். உன்னட்டை ஒரு மோட்டர் இருக்கோ?

— மொன்றியல்லை இருக்கிற பள்ளிக்கூடம் எல்லாம் இந்த மண்டபத்துக்குள்ளை நிக்குது. எங்களிட்டைத்தான் கேக்கோணுமோ?

— எல்லாரிட்டையும் கேட்டாச்சு. தோத்த ஆக்கள் சாமானைக் கட்டி பஸ்ஸிலை ஏத்திப்போட்டினம்.

— ஓ, கடைசியாத்தான் தங்கச்சியின்ரை ஞாபகம் வந்தது.

— எனக்கு எதிரா நிக்கிறதே நீதானே. எந்த முகத்தோடை முதல் வாறது? நீ தராட்டி நாங்கள் இறங்கேலாது, கோப்பை உங்களுக்குத்தான். நானெண்டால் தரமாட்டன். சீரியஸா.

— உனக்கு என்ன பயம்? தோக்கிறதோ?

— தோக்கிறது பரவாயில்லை. இறங்காமல் நிக்கிறதுதான்... அப்பா மேலை, பாக்கிற ஆக்களோடை இருக்கிறார். மாதா கோயில் பங்கிலை பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பிலோமினம்மா மாமி ரோல்ஸ் பொரிச்சுக் கொண்டுவந்து எல்லாருக்கும் குடுக்கிறா. திருவிழா மாதிரி.

— கண்டனான். எங்கடை அப்பாவும் பக்கத்திலைதான் இருக்கிறார். ஜான்-டலோன் சந்தையிலை சனிக்கிழமை லீவு எடுக்கிறதெண்டால் லேசோ? கெஞ்சிக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்த மனிசன். அவர் இருக்கமுந்தியே உன்ரை அப்பா, எங்கடை பெரியப்பா, துவங்கிட்டார்.

— என்ன சொன்னவர்?

— வழமையான பாட்டுத்தான். "தம்பி, காசு கட்டிப் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் வேறை, அரசாங்கம் சும்மா தாற பள்ளிக்கூடம் வேறை. எங்கடை றூபனும் உன்ரை மகளின்ரை பள்ளிக்கூடத்துக்கு எடுபட்டவன்தான். நாங்கள்தான் வேண்டாமெண்டு விட்டனாங்கள்." மைக் இல்லாதது ஒண்டுதான் குறை.

— லக்சனா... நான் எடுபடேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே?

— தெரியும். எங்கடை பள்ளிக்கூடத்து நுழைவுச் சோதனையிலை எனக்கு முன் கதிரையிலை இருந்தனி. கணக்குத் தாளைப் பாதியிலை விட்டிட்டு அழுதுகொண்டு எழும்பிப் போனதைக் கண்டனான்.

— அதை நீ ஆருக்கும் சொல்லேல்லையோ?

— பன்ரண்டு வயசுப் பெடியன் அழுததைக் கொண்டுபோய் ஊரெல்லாம் பறையடிக்கவோ? எனக்கு வேறை வேலை இல்லையோ?

— அஞ்சு வருசமா நான் உனக்குப் பயந்துகொண்டு திரியிறன். ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும், இண்டைக்குச் சொல்லப்போறாள், இண்டைக்குச் சொல்லப்போறாள் எண்டு.

— சொல்ல நினைச்சனான்தான். பொய் சொல்லேல்லை. பெரியப்பா அந்தக் கதையை எடுக்கேக்கை எனக்கு வயிறு பத்தி எரியும், றூபன். அப்பா குனிஞ்சுகொண்டு கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார். பாவம், அவருக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்ச நான் வாய் திறக்கேலாது.

— அப்ப மோட்டருக்கு அதுதான் விலையோ? மேலை போய் நான் உண்மையைச் சொல்லோணுமோ?

— நான் என்ன கடையோ நடத்துறன்? ஒண்டும் வேண்டாம். கேள். நீ இறங்காமல் நான் வெண்டால் பெரியப்பா என்ன சொல்லுவார்? "மோட்டர் எரிஞ்சுபோச்சு, இல்லாட்டி எங்கடை பெடியன்தான்" எண்டு சாகுமட்டும் சொல்லுவார். நிக்கிற றோபோவை வெல்லேலாது. நீ ஓடோணும். வடிவா ஓடி, எல்லாருக்கும் முன்னாலை என்னட்டைத் தோக்கோணும்.

— அவ்வளவு நம்பிக்கையோ உனக்கு?

— ஓம். உங்கடை றோபோவிலை பாதி கடையிலை வாங்கினது. எங்கடையிலை ஒவ்வொரு தகடும் பள்ளிக்கூடத்துப் பட்டறையிலை நாங்களே வெட்டி, நாங்களே துளை போட்டது. மற்றப் பிள்ளையள் வீட்டை போய் ரீவி பாக்கேக்கை நாங்கள் அங்கைதான் நிண்டனாங்கள். காவலாளி வந்து லைற்றை நூத்துத்தான் எங்களைக் கலைக்கிறவர்.

— வாயும் பட்டறையிலைதான் செய்தவங்களோ?

— அது பிறவியிலை. இந்தா, பிடி. வயரை மாத்திக் குடுத்துப்போடாதை, பின்பக்கமா ஓடும்.

— இது உண்மையா மேலதிகமா இருக்கிற மோட்டரோ?

— மேசையிலை சும்மாதானே கிடந்தது. போய்ப் பூட்டு.

— மெர்சி, லக்சனா. நான் உனக்கு ரெண்டு மாதம் மூப்பு எண்டாலும்—

— மூப்பைப் பேந்து கொண்டாடலாம். ஓடு!

...

— லக்சனா! மேசையில வெச்ச மோட்டர் எங்ககா? பற்றறி மாத்திட்டு வாறதுக்குள்ள காணல்ல.

— மதிசுதன், கத்தாதை. றூபனுக்குக் குடுத்திட்டன்.

— ஆருக்கு? நாம இப்ப மோதப்போற ஆக்கள்ற கப்டனுக்கா? புள்ள, அது நம்மட றோபோட கைக்குப் பூட்டுற மோட்டர்! துடைச்சிப் பூட்டத்தானே கழட்டி வெச்ச நான்!

— தெரியும்.

— தெரிஞ்சா குடுத்த நீ? கை இல்லாம பந்தத் தூக்கி மேல் கூடைக்குள்ள என்னெண்டு போடுற?

— தூக்கமாட்டம். தரையாலை தள்ளிக் கீழ்க் கூடைக்குள்ளை விடுவம். அதுக்கும் புள்ளி இருக்கு.

— அதுக்குப் பாதிப் புள்ளிதான்.

— கையைக் கழட்டினால் பாரமும் பாதிதான். அவன் ஒரு பந்தைத் தூக்கி நிமிர்த்திறதுக்கிடையிலை நாங்கள் மூண்டைத் தள்ளிப்போடுவம். கை செய்து முடியுமட்டும் கையில்லாமல்தானே ஓட்டிப் பழகினனி? அந்த நேரம் உன்னை ஆராலை பிடிக்க முடிஞ்சது?

— என்னப் புழுகிச் சமாளிக்காதகா. நீ கப்டன் எண்டாலும் ஒரு சொல்லுக் கேட்டிரிக்கணும். ஒன்ட பெரியப்பா ஒன்ட அப்பாவக் குத்திப் பேசுறது எனக்கும் தெரியும். அது ஒங்கட ஊட்டுச் சண்டை. றோபோ நம்ம எல்லாருடயும். தோத்தா மறுகா நம்மட ஆக்கள்ற முகத்தில ஆரு முழிக்கிற?

— ஓம். அது என்ரை பிழைதான்.

— ம்.

— உண்மையாத்தான் சொல்லுறன். அப்பாவின்ரை முகம்தான் கண்ணுக்கு முன்னாலை நிண்டது. உங்களை ஒருத்தரையும் யோசிக்கேல்லை. மன்னிச்சுக்கொள், மதி. இப்ப கேக்கிறன். போய் வாங்கிக்கொண்டு வரட்டோ? இன்னும் பூட்டி முடிச்சிருக்கமாட்டான். நீ சொல்லுறதுதான்.

— வாங்கினா அவன் இறங்கமாட்டான்.

— ஓம்.

— கோப்பைய நம்மட கையில சும்மா தருவாங்க.

— ஓம்.

— ஓடாம வெண்ட கோப்பையத் தூக்கிக்கிட்டு மெற்றோவில போனா எனக்கே வெக்கமா இரிக்கும். விடுகா. ஸ்பானர எடு, கையக் கழட்டுவம். ஓட்டுற நான்தானே. அவன்ட றோபோவ மூலையில கொண்டுபோய் முட்டவெச்சி வெளிய வரவிடாமப் பண்றன் பாரு.

— அப்பிடிச் சொல்லு! மற்ற ஆக்களுக்கு நானே பிரெஞ்சிலை விளங்கப்படுத்திறன். பேச்சு விழுந்தால் எனக்கு விழட்டும்.

— விழும். நானும் சேந்து பேசுவன். அங்க பாரு, அவன் திரும்ப வாறான். மோட்டர் வேலை செய்யல்ல போல.

— றூபன், என்ன? பூட்டேல்லையோ?

— பூட்டியாச்சு. சில்லு வடிவாச் சுத்துது. பூட்டேக்கைதான் பாத்தன், அந்த மோட்டரிலை கை பூட்டுற ஆணி கழட்டின அடையாளம் புதுசா இருக்கு. மேலதிகமெண்டு பொய் சொன்னனி.

— மேசையிலை கிடந்ததெண்டுதானே சொன்னனான். திருப்பித் தரவெண்டால் வேண்டாம். நாங்கள் கதைச்சு முடிவெடுத்தாச்சு. என்ன, மதிசுதன்?

— ஓம். இறங்குங்க. பயப்படாம இறங்குங்க.

— திருப்பித் தர வரேல்லை. நான் மேலை போயிட்டுத்தான் வாறன்.

— மேலையோ? ஏன்?

— சித்தப்பாட்டைச் சொல்லிப்போட்டன். எல்லாரும் கேக்கத்தான் சொன்னனான். நான் எடுபடேல்லை, சோதனையிலை அழுதுகொண்டு எழும்பிப் போனனான் எண்டு.

— உனக்கென்ன விசரே? நான் ஒண்டும் கேக்கேல்லையே!

— நீ கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டன். உன்ரை மோட்டரோடையும் அந்தப் பொய்யோடையும் சேந்து ஓடேலாது. அவ்வளவுதான். இனி வெல்லத்தான் ஓடுவன், சொல்லிப்போட்டன்.

— பெரியப்பா என்ன செய்தவர்?

— வாய்க்குள்ளை ரோல்ஸ். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. பிலோமினம்மா மாமி தண்ணிப் போத்தலை நீட்டினா.

— அப்பா? என்ரை அப்பா என்ன சொன்னவர்? இவ்வளவு காலமும் ஒண்டும் தெரியாமல் இருந்த மனிசன்...

— சித்தப்பா ஒண்டும் சொல்லேல்லை, லக்சனா. எங்கடை அப்பாதான் அழுதழுது சொன்னார். சோதனைக்கு அடுத்த நாளே வேலைக்குப் போகாமல் உங்கடை பள்ளிக்கூடத்துக்குப் போய், என்ரை அண்ணையின்ரை பெடியனுக்கு இன்னொருக்காச் சோதனை வையுங்கோ எண்டு மண்டாடினது சித்தப்பாதானாம்.