அப்பா சொன்ன மணி

— போதும்டா தம்பி, தரையே தேய்ஞ்சு போயிடும். எத்தனை தடவை கழுவுவே?

— கல்லுக்குப் பட்டை தீட்டற ரூம் அக்கா இது. மாவு மாதிரி தூளு, இண்டு இடுக்கெல்லாம் அப்பிக் கிடக்கு. அப்பா வந்து பாத்தா கத்துவார்.

— வருவாரா?

— வராம? நல்ல வார்த்தையே வராதா உன் வாயில? டாக்டர் என்ன சொன்னார்?

— தலையில அடி பலமாம். கண்ணே தொறக்கலை. காலை வரைக்கும் "மணி, மணி"ன்னு ஒரே முனகல். அப்புறம் அதுவும் நின்னு போச்சு.

— அதான் நேத்துலேர்ந்து தலைகீழா நின்னு சொல்றேன். மணின்னா அந்தச் சிவப்புக் கல்லு. எவனோ உள்ள பூந்து, அவரைத் தள்ளி விட்டுட்டுத் தூக்கிட்டுப் போயிட்டான்.

— அப்பா என்னிக்குடா கல்லை மணின்னு சொல்லியிருக்கார்? அவருக்கு மாணிக்கமும் கல்லுதான், வைரமும் கல்லுதான்.

— அடிபட்ட மனுஷன் அகராதி பாத்தா பேசுவார்? அது உன் பொழப்பு, டீச்சரம்மா.

— பாத்தேனே. ஆஸ்பத்திரி வராந்தாவுல வேற என்ன செய்ய? மணின்னா ரத்தினம். அடிக்கிற மணி. நேரம். நெல்லு மணி. கண்ணுல இருக்கற கருமணி.

— ஒரே வார்த்தைக்குள்ள இத்தனை குடித்தனமா!

— இன்னும் கேளு. பழைய தமிழ்ல மண்ணுறதுன்னா கழுவறது. மண்ணுல கிடந்த கல்லைக் கழுவிப் பளபளன்னு ஆக்கினா அது மணி. பேரு அப்படி வந்திருக்கலாம்னு சிலர் சொல்றாங்க.

— சரி. அதுக்கு ஏன் என் கையையே பாக்கறே?

— தண்ணியில ஊறி வெளுத்துப் போச்சு. அதான்.

— நான் நேத்து இந்தப் பக்கமே வரலைக்கா.

— வந்தேன்னு நான் சொன்னேனா? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையால்ல இருக்கு.

— விளையாடாதே, எரிச்சலா வருது.

— எனக்குப் பயமா வருதுடா. அந்தக் கல்லைக் குடுன்னு நீ அவரை நச்சரிச்சுக்கிட்டு இருந்தியே.

— கேக்கறது தப்பா? யாரோ பட்டை தீட்டக் குடுத்ததாம், நான் தொடவே கூடாதாம். பெத்த பிள்ளையை விட ஊரான் வீட்டுக் கல்லு ஒசத்தியாப் போச்சு. இப்ப என்ன ஆச்சு? அதுவும் போச்சு.

— போகலை.

— என்னது?

— இந்தா, பாரு. கன்னத்துக்குள்ள அடக்கி வெச்சிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதுமே நர்ஸ் எடுத்துக் குடுத்தாங்க.

— வாயிலயா! ரெண்டு கையையும் பிரிச்சுப் பாத்தேனே...

— பாத்தியா? எப்படா?

— அது... அக்கா, நான் வேணும்னு...

— அழாதே. முழுசாக் கேளு. இந்தக் கல்லைக் கொண்டு போய் அப்பா உள்ளங்கையில வெச்சேன். "பத்திரமா இருக்குப்பா"ன்னு காதுல சொன்னேன். விரலை மூடிப் புடிச்சுக்கிட்டார். அதுக்கு அப்புறமும் "மணி, மணி"ன்னார்.

— அக்கா, வேண்டாம்...

— அம்மா போனதுக்கு அப்புறம் இந்த வீட்டுல உன்னை யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடவே இல்லை, இல்லையா மணி?