கோல் கோட்டுச் சுண்ணாம்பு

நான் ஒருநாளும் பந்தை உதைத்ததில்லை. தெருவில் செருப்பு அறுந்தாலே கூச்சப்பட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவள். மேடம், நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். எனக்கு எழுதத்தான் வரும்.

பெயர் இஃப்பத். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, பேகம்பூரில் ஹக்கீம் சாச்சாவின் தோல் பதனிடும் ஷாப்பில் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறேன். சாச்சாதான் எங்கள் கால்பந்துக் கழகத்துக்கும் செயலாளர். ஆண்டனிராஜ் சார் ஆறு வருடமாகப் பயிற்சியாளர். ஒவ்வொரு ஆட்டத்திலும் பெண்கள் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, யார் யாருக்குப் பந்தைக் கொடுத்தார்கள், எங்கே இழந்தார்கள் என்று நோட்டில் குறித்துவைப்பேன். ஒருமுறை சார் அதை வாங்கிப் பார்த்தார். அதன்பிறகு திங்கள்கிழமைதோறும் கேட்டு வாங்கினார்.

"ஏலே, இந்தப் பிள்ள எழுதியிருக்கத மொதல்ல பாருங்க. நீங்க ஓடுனத விட இது கவனிச்சது சாஸ்தி" என்று ஆட்டக்காரர்களிடம் சொல்வார். வேறு யாரும் என்னிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை.

ஏப்ரலில் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி வந்தது. சார் இந்த மாதத்தோடு விலகுகிறார். ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பு ஆட்டம். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அவரை அனுப்பக் கூடாது என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மனு தயாரித்தோம். எழுதியது நான். குழுவில் அதைப் படம் பிடித்துப் போட்டதற்குச் சாச்சா ஒரு கட்டைவிரலைப் போட்டார். அவர் ஷாப்பில் இருப்பவள் என்பதால், நேரில் கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

"இம்புட்டுப் பேரா? டிக்கெட் எடுத்து வாங்கன்னா அம்பது பேரு வர மாட்டேங்குறாக" என்றார் சாச்சா. "அவரேதாம்மா போறேங்குறாரு. கோயம்புத்தூர்ல காலேஜ் வேல கெடச்சிருக்கு. கால்ல கயித்தக் கட்டியா போட முடியும்? சால்வ வாங்கியாச்சு, பிரியாணிக்குச் சொல்லியாச்சு. போய் வேலையப் பாரு."

நிர்வாகங்கள் இப்படித்தான் பேசும். அதனால் சாரிடம் நான் கேட்கவில்லை. கேட்டாலும் பெருந்தன்மையாக அதையேதான் சொல்லியிருப்பார்.

மைதானத்தில் கோடு போடுவதும் சார்தான். ஷாப்பிலிருந்து சுண்ணாம்பு வாங்கிப் போய், தண்ணீரில் நீற்றி, மூன்று நாள் ஆறவிட்டுப் போடுவார். விழா அவருக்கு என்பதால் இந்த முறை சாச்சா அவரை அதில் கைவைக்க விடவில்லை.

"ரெண்டு மூட்ட சுண்ணாம்புத் தூளு அனுப்பிவிடும்மா. அப்படியே தூவிரட்டும்" என்றார்.

ஷாப்பில் இரண்டு விதம் உண்டு. ஒன்று நீற்றியது. மற்றது நீற்றாதது, ஈரம் பட்டால் கொதிக்கும். இரண்டும் வெள்ளைத் தூள். எது என்று அவர் சொல்லவில்லை. நான் நீற்றாததை அனுப்பினேன். சீட்டில் 'சுண்ணாம்பு' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. தூவுகிறவர்களுக்குக் கை வெந்துவிடக் கூடாது என்று இரண்டு ஜோடி கையுறையும் சேர்த்துக் கொடுத்தேன்.

நான் நினைத்தது சிறியது. யாருக்காவது முழங்காலில் தோல் உரியும். சார் இல்லாமல் ஒரு கோடுகூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்று ஊர் பேசும். நிர்வாகம் இறங்கி வரும்.

ஐந்து மணிக்குத் தூறல் விழுந்தது. கோல்கீப்பர் தப்ரேஸ் கோட்டின் மேல் குப்புறப் பாய்ந்து பந்தைப் பிடித்தான். நல்ல பிடி. நோட்டில் குறித்தேன். பிறகு அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கினான்.

சாச்சா ஓடிவந்து ஈரக் கைக்குட்டையால் துடைத்தார். அது தவறு. தூளைத் தட்டிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் அரைமணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும். குழாய் நான் உட்கார்ந்திருந்த படிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"இதுக்கு என்ன செய்யணும்? தெரிஞ்சவுக யாராச்சும் சொல்லுங்கப்பா" என்று சார் கூட்டத்தைப் பார்த்து மூன்று முறை கேட்டார். அத்தனை பேர் முன்னால் எழுந்து பேசுவது என்னால் ஆகாது, மேடம். அது பிறவிக் குணம்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்கிறார்கள். தப்ரேஸுக்கு வயது இருபது.

நீங்கள் சாச்சாவை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் மூட்டையைப் பார்க்கவே இல்லை. கையுறை எதற்கு என்று நேற்று நீங்கள் கேட்டபோதே, எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

கோயம்புத்தூரில் சார் சேர வேண்டிய தேதி போன வாரம் முடிந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் தப்ரேஸைக் கைபிடித்து மதுரை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து நின்றார்.

"அந்த வேலைக்கு ரெண்டு வருசமா நானே அலஞ்சேம்மா. இப்ப இந்தப் பயல விட்டுட்டு எங்கிட்டுப் போக?" என்றார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. என் நோட்டைக் கேட்கவில்லை.

ஆனாலும் ஊரில்தான் இருக்கிறார். அவரை நிறுத்திவைக்க நிர்வாகம் ஒரு முயற்சியும் எடுக்கவில்லை, மேடம். நான் எடுத்தேன்.