ஆடியில் மாறிய கம்ப்யூட்டர்

“எங்க மாமனாருக்குத் தெரியாம கம்ப்யூட்டருக்குள்ள ஆளையே மாத்திட்டனுங்க்கா.”

குமாரபாளையத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த இளையவள் பக்கத்திலிருந்த பெரியவளிடம் சொன்னாள்.

“என்ன புள்ள சொல்ற?”

“எங்க தறி ஆபீஸ் கம்ப்யூட்டருங்க. பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் வராதுன்னுட்டாங்க. அதுக்குப் பதுலா லினக்ஸுன்னு ஒண்ணு காசில்லாமக் கெடைக்குது, அதப் போட்டுக்கலாமுன்னேன். மாமனாரு, ஆடியில புதுசா எதும் ஆரம்பிக்கக் கூடாதுன்னுட்டாரு.”

“செரி, விட்டுட்டியா?”

“பில்லு, பேங்க்கு எல்லாம் அதுலதானுங்க. வைரஸ் வந்துருமோன்னு பயந்துட்டு, பைலெல்லாம் எடுத்து வெச்சுட்டு ஆடியிலயே லினக்ஸப் போட்டுட்டேன். ஸ்கிரீன்ல பழையபடி கொலதெய்வம் படத்தையே வெச்சேன். தெனமும் அதக் கும்புட்டுட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பாரு. அன்னைக்கும் கும்புட்டுட்டு வேலைய ஆரம்பிச்சுட்டாரு.”

“கண்டுபுடிக்கவே இல்லியா?”

“ஆவணி பொறந்ததும் கூப்புட்டாருங்க. ‘இந்த லினக்ஸ் நல்லாத்தான் ஓடுது சாமி. ஆனா ஆடியில போட்டது. நாளைக்கு நல்ல நேரம் பாத்து வெச்சிருக்கறேன். அழிச்சுப்போட்டு மறுபடியும் அதையே போட்டுரு’ன்னாரு.”

பெரியவள் சிரிக்கவில்லை.

“அதுஞ் செரிதான்,” என்றாள்.