எந்த மங்களூரு?

விருத்தாசலத்தில் திட்டக்குடி பஸ் புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"எங்க ஓரகத்தி புருஷனோட மங்களூரு போயிட்டு வந்தா, அக்கா. லாட்ஜுல எடமே கெடைக்கலயாம். அலைஞ்சு திரிஞ்சு மலைமேல ஒரு ரூமாம். ஜன்னலத் தொறந்தா கடலாம்."

"மங்களூருல ஏதுடி மலையும் கடலும்? திட்டக்குடிகிட்ட எங்க நாத்தனா ஊருதான அது? சோளக்கொல்லதான் இருக்குது. நல்லா கதை வுட்டிருக்கா."

இளையவள் முகம் மலர்ந்தது. "அப்படிப் போடுக்கா! தெருவே சிரிக்கப் பண்றேன் பாரு."

பஸ் கிளம்பியதும் மூத்தவள் யோசித்தாள். "இருடி. வூட்டு மேல போடுறாங்களே மங்களூரு ஓடு, அது கடலோரத்து ஊர்லேர்ந்துதான வருது?"

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த ஓடும் அவ வூட்டுலதான்க்கா போட்டிருக்குது. எங்களுது கூரைதான்."