முகத்தை மறைக்காதேங்கோ

இல்லைத் தம்பி, கதிரையை யன்னலுக்கு முன்னாலை போடாதேங்கோ. வெளிச்சம் முதுகிலை விழுந்தால் நான் கரிக்கட்டை மாதிரித்தான் தெரிவன். என்ன? அதுக்குத்தானோ? இத்தாலியிலை, இந்தப் பலேர்மோவிலை, மாபியாக்காரரின்ரை துவக்கைப் பற்றிக் கதைக்கிற ஆக்களை முகம் தெரியாமல்தான் எடுக்கிறதோ? ஐயோ, இந்தக் கிறிகோரியை ஆர் சுடப்போறாங்கள்? என்னட்டை இருக்கிறது வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை திறப்பும், நிலம் துடைக்கிற தடியும்.

பயமோ? காலமையிலயிருந்து கபோச் சந்தை முழுக்க உதைத்தானே கேட்டுக்கொண்டு திரியிறியள். நீங்கள் கேட்ட கேள்வியிலை மீன்காரன் நேரத்தோடை கடையைப் பூட்டிட்டான். லண்டனிலயிருந்து கமராவைக் காவிக்கொண்டு வந்து துவக்கு, துவக்கு எண்டால் ஆருக்குத்தான் பயம் வராது?

சரி, சரி, சொல்லுறன். பெருநாள் கதை வேணும், என்ன? எங்கடை ஊர்ப் பெடியன் பெனடிக்ற் சொன்னவனோ? தான் விழேல்லை எண்டு சொல்லியிருப்பானே. பச்சைப் பொய். முதல் விழுந்ததே அவன்தான்.

போன வருசம், தம்பி, கபோவுக்குள்ளை மாதாச் சுருவம் சுத்தி வருது. முன்னுக்கு பாண்ட் அடிக்கிறாங்கள், பின்னுக்கு நாங்கள் தமிழ் ஆக்கள் கொஞ்சப் பேர். ஆரோ ஒருத்தன் மேல்வீட்டு பல்கனியிலை வெடியைக் கொளுத்திப்போட்டான். டமார்! எங்கடை ஆக்கள் முழுக்கக் கல்லு றோட்டிலை குப்புற. ஊரிலை ஷெல்லடிக்குப் படுத்த பழக்கம் விடுமோ? முழங்கையை ஊண்டி, காதைப் பொத்தி, வாயை ஆவெண்டு திறந்து. ஓம், வாயும் திறக்கவேணும், இல்லாட்டிக் காது போயிடும். நீங்கள் லண்டனிலை வளந்தனீங்கள், உங்களுக்கு உது தெரியாது.

இத்தாலிக்காரருக்கு அது பெருநாள் வெடி எண்டு தெரியும். தெரிஞ்சும் எங்களைப் பாத்தாங்கள். இவங்கள் விழுந்திட்டாங்கள், இவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு எண்டு நினைச்சிட்டாங்கள். இறைச்சிக்கடைக்காரன் விழுந்தான். பாண்ட்காரன் ட்ரம்மைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு விழுந்தான். எங்கடை சிஞ்ஞோரா, கைலேஞ்சி விழுந்தாலும் குனிஞ்சு எடுக்கமாட்டா, அவவும் படுத்திட்டா. என்னைப் பாத்து வாயையும் திறந்துகொண்டு! சுருவம் காவினவங்கள் மாதாவை மெல்லமா இறக்கி வைச்சிட்டுப் படுத்தாங்கள். தெருவிலை நிண்டது மாதா ஒராள்தான்.

பிறகு பொலிஸ் வந்து, என்ன கண்டனீங்கள் எண்டு கேக்கிறான். ஒருத்தரும் ஒண்டும் காணேல்லையாம். இஞ்சை எல்லாரும் எப்பவும் சொல்லுறதுதான் அது. அண்டைக்கு மட்டும்தான் உண்மை. எல்லாரும் நிலத்தையெல்லோ பாத்துக்கொண்டு கிடந்தது!

சிரிக்காதேங்கோ, கமரா ஆடுது.

இப்ப கதிரையைத் திருப்புங்கோ. திரும்பவும் நிழலோ? வேண்டாம் எண்டு சொல்லுறனெல்லோ. குரலையும் மாத்தவேண்டாம். பேரைப் போடுங்கோ, கிறிகோரி, ஊர் கரம்பொன். பெரிய எழுத்திலை போடுங்கோ. ஏன் இந்தப் பிடிவாதம் எண்டு கேக்கிறியளோ?

பயமில்லாமல் இல்லைத் தம்பி. ஆனால் இந்தப் படத்தை லண்டனிலை, ஜேர்மனியிலை, கனடாவிலை எல்லாம் காட்டுவம் எண்டனீங்கள். என்ரை மனுசி செலஸ்ரீனா என்னட்டை வரவெண்டு ஊரிலயிருந்து வெளிக்கிட்டவ. மொஸ்கோவிலயிருந்து ஒருக்கால் ரெலிபோன் எடுத்தவ. பிறகு சத்தமில்லை. நான் அப்ப இருந்த வீட்டை இடிச்சுப்போட்டாங்கள், அவவிட்டை இருக்கிறது அந்த வீட்டு ரெலிபோன் நம்பர்தான். ஜேர்மனியிலை கண்டனான் எண்டு ஒருத்தர், நோர்வேயிலை எண்டு இன்னொருத்தர். எங்கையாவது ரீவிக்கு முன்னாலை இருப்பா. எனக்கு அவவைக் காணவேணும், அவ்வளவுதான்.

அவ என்னைக் கடைசியாக் கண்ட நேரம் தலைமயிர் நல்ல கறுப்பு. அதுதான் நேற்று டை அடிச்சனான். என்ன, காதடியிலை வடியுதோ? துடைச்சு விடுங்கோ தம்பி. ம், இப்ப எடுங்கோ.